இடது கைப் பம்பரம்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். விடுமுறைக்கு அக்கா பிள்ளைகள் இருவரும் தம்பி மகளும் கானாடுகாத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். நேற்று மதியம் முழுவதும் ஊருணிக்கரைப் பொட்டலில் பம்பரம்தான். (வீட்டுக்குள் விட முடியாது. கண்ணாடி மேல் வார்த்தெடுத்த ஆத்தங்குடிக் கல்லில் ஆணி பட்டால் ஆச்சி முதலில் என்னைத்தான் வெளியே அனுப்புவார்கள்.)

அக்கா மகன்கள் சீக்கிரமே பழகிவிட்டார்கள். தம்பி மகளுக்கு எட்டு வயது, இடது கைக்காரி. நான் சுற்றுவதுபோலவே ஆணியிலிருந்து மேல்நோக்கிக் கயிற்றைச் சுற்றிக் கொடுத்தேன். அவள் வீசினால் பம்பரம் தலைகீழாக விழுந்து செம்மண்ணில் உருளுகிறது. இருபது முறையாவது ஆகியிருக்கும். "பெரியப்பா, உங்கள் கயிறு சரியில்லை" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

இடது கையால் விடுகிறவர்கள் கயிற்றை எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டுமா, அல்லது மணிக்கட்டைத் திருப்பும் விதம்தான் வேறா? சிறு கைக்குக் கயிறு எத்தனை முழம் இருக்கலாம்? இன்னொன்று, என் பழைய பம்பரம் ஒன்றை வைத்துத்தான் மூவரும் சண்டை போடுகிறார்கள். காரைக்குடியில் நான் ஏறிய இரண்டு கடைகளிலும் பிளாஸ்டிக்கைத்தான் நீட்டினார்கள். மரத்தில் கடைந்தது பக்கத்தில் எங்கே கிடைக்கும்?

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறார்கள். அதற்குள் பதில் கிடைத்தால் நல்லது.