தாளமே பிடிபடாத தனி வாசிப்பைக் கேட்டு என்ன எழுதுவது?

கிளிநொச்சி மிருதங்கம்:
வணக்கம். பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். பாரிசில் இருக்கும் மச்சான் ஒரு ஒலிப்பதிவை அனுப்பி, எங்கள் ஊர்ச் சஞ்சிகைக்கு நாலு பந்தி விமர்சனம் கேட்கிறார். ஒரே ஆள், சேமக்கலத்தைவிடப் பெரிய வெண்கலத் தட்டு, பக்கத்தில் லாப்டொப். தாளத்தில் தொடங்கும் எடுப்பும் இல்லை, முடித்துவைக்கும் தீர்மானமும் இல்லை. “வித்தியாசமாக இருக்கிறது” என்பதற்கு மேல் என்ன எழுதலாம்? நல்ல வாசிப்பா, பூச்சுற்றலா என்று எப்படிப் பிடிப்பது?

உடுக்கடி ஒட்டுசுட்டான்:
சேர், முதலில் எண்ணுவதை விடுங்கள். அடி விழுந்த பிறகு ஒலிக்கு என்ன நடக்கிறது என்று கேளுங்கள். உடுக்கில் வலக்கை அடிக்க, இடக்கை நடுக்கயிற்றை அமுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். அந்தப் பதிவிலும் சுருதி வழுக்கும் இடங்கள் இருக்கும். அது தட்டிலிருந்து வருகிறதா, லாப்டொப்பிலிருந்தா? இரண்டும் பிரிக்க முடியாமல் கலந்தால் கெட்டிக்காரர்தான். எல்லா அடிக்கும் ஒரே எக்கோவைப் பூசியிருந்தால், அதைக் கலியாண வீட்டு மைக்செட்காரரே செய்துவிடுவார்.

ஜேர்மன் இசையமைப்பாளர் ஸ்டொக்ஹவுசன் 1964இல் செய்த ‘மைக்ரோபோனி 1’ கேட்டுப்பாருங்கள். அதுவும் ஒரே ஒரு பெரிய தட்டுத்தான். இரண்டு பேர் தட்டி, உரசி, சுரண்டுகிறார்கள். இரண்டு பேர் கையில் மைக்கை வைத்துக்கொண்டு கிட்டவும் தூரவும் கொண்டுபோகிறார்கள். மற்ற இரண்டு பேரிடம் ஒலியை வடிகட்டும் ஃபில்டர். ஆறு பேர் வேலை, தனி வாசிப்பு இல்லை, சரி. ஆனால் வெறும் காதுக்கு எட்டாத முனகலை மைக் எப்படி வெளியே இழுக்கிறது என்பது அதில் நன்றாக விளங்கும்.

மாங்குளம் ரேடியோக்கடை:
போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். வெண்கலத்தின் அடிக்குரல் அதில் வராது. அடுத்தது, எலக்ட்ரோனிக் பகுதி முன்பே பதிந்து வைத்ததா, அந்த நேரத்திலேயே மைக்கில் பிடித்து மாற்றியதா என்று மச்சானிடம் கேளுங்கள். மெக்சிக்கோ இசையமைப்பாளர் ஹவியர் அல்வாரெஸின் ‘தெமஸ்கால்’ (1984) முதல் வகை. மரக்காஸ் என்ற கிலுகிலுப்பையை ஆட்டுகிறவர் ஓடுகிற பதிவோடு ஒட்டிப் போகவேண்டும், பதிவு அவருக்காக நிற்காது. மற்ற வகையென்றால் கை மெதுவாகும்போது கம்பியூட்டர் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒன்றும் மாறவில்லையென்றால் எனக்குச் சந்தேகம்தான்.

கிளிநொச்சி மிருதங்கம்:
மைக்கில் பிடித்து மாற்றியதுதானாம். ஹெட்போனில் கேட்டேன். ஓரிடத்தில் தட்டின் விளிம்பில் வயலின் வில்லைப் போட்டு இழுக்கிறார். லாப்டொப் கொஞ்சம் பிந்தி வந்து, அதே ஒலியை மேல் சுருதியில் வைக்கிறது. வில்லை அழுத்தினால் அதுவும் கரகரக்கிறது. உண்மையிலேயே நல்ல இடம். பாதிக்குப் பிறகு ஒரே இரைச்சல், தட்டைத் தூக்கி அங்கால் வைத்தாலும் தெரியாது. இரண்டையும் எழுதப்போகிறேன். வாசித்தவர் மச்சானின் கூட்டாளி, அதுதான் சங்கடம்.

உடுக்கடி ஒட்டுசுட்டான்:
எத்தனையாவது நிமிடம் என்று போட்டே எழுதுங்கள் சேர். கோபம் வந்தால் அவர்களும் திரும்ப ஒருதரம் கேட்கட்டும்.