ரத்த உறைவுத் தடுப்பு வீடியோ: பார்க்கிறார்கள், ஊசியை மறுக்கிறார்கள்

மதுரையில் ஒரு மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை வார்டில் செவிலியராக இருக்கிறேன். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் காலில் ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் வயிற்றுத் தோலில் இனாக்சபரின் 40 மி.கி. ஊசி போடுகிறோம். பொங்கலிலிருந்து இதை விளக்கும் வீடியோவை வார்டு டிவியில் ஓடவிடுகிறோம். பார்க்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், மறுநாள் காலை, "கால் நன்றாகத்தானே இருக்கிறது, ஊசி எதற்கு சிஸ்டர்?" என்கிறார்கள்.

ஆங்கில வீடியோவுக்குத் தமிழ்க் குரல் கொடுத்துப் பார்த்தோம். அந்த மருத்துவத் தமிழ் எனக்கே புரியவில்லை. டேப்லெட்டில் படுக்கை அருகே காட்டினோம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மகன் பார்க்கிறார், அம்மாவிடம் சொல்வதில்லை. கணுக்காலை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சியை மட்டும் ஆர்வமாகச் செய்கிறார்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமோ கெண்டைக்கால் வலியோ வந்தால் உடனே சொல்ல வேண்டும், காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்பதெல்லாம் மனதில் நிற்பதில்லை. வீட்டுக்குப் போன பிறகும் ஊசி தொடர வேண்டியவர்களை நினைத்தால்தான் பெரிய கவலை. பயமுறுத்தும் படங்கள் வேண்டாம். அவற்றில் எனக்கு உடன்பாடில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்கும் புரியும்படி, பேச்சுத் தமிழில், மூன்று நிமிடத்துக்குள் முடியும் வீடியோ யாரிடமாவது இருக்கிறதா?