கலைச்சொல்: ஸ்வீடன் லீக்கின் ‘க்வால்’ ஆட்டத்துக்குத் தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

ஸ்வீடன் கால்பந்தின் கீழ்நிலை லீக்குகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சொல் பஞ்சம் வந்துவிடுகிறது. கோல், புள்ளி, சொந்த மைதானம், வெளி மைதானம் எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. பருவம் முடியும்போது அணிகள் மேலே போவதையும் கீழே வருவதையும் சொல்லத்தான் வரமாட்டேன் என்கிறது. ஐ.பி.எல். பார்த்துப் பழகிய நமக்கு இதற்கெல்லாம் தேவையே இருந்ததில்லை. அங்கே கடைசியில் வந்த அணியும் அடுத்த ஆண்டு அதே லீக்கில்தான் ஆடும்.

முதல் சிக்கல் ‘டிவிஷன்’. ‘முதல் டிவிஷன்’ என்று எழுதினால் வாசகர் அதுதான் நாட்டின் உச்ச லீக் என்று நினைத்துக்கொள்வார். ஸ்வீடனில் உச்சம் ஆல்ஸ்வென்ஸ்கான். அதற்கு அடுத்தது 2000-இல் தொடங்கிய சூப்பரெத்தான். மூன்றாவதாக வருவதுதான் முதல் டிவிஷன். இப்போது எத்தான் என்கிறார்கள், ஸ்வீடன் மொழியில் ‘ஒன்று’ என்று பொருள். வடக்கு, தெற்கு என இரண்டு பகுதி, ஒவ்வொன்றிலும் 16 அணிகள். நான்காவது, இரண்டாம் டிவிஷன்: 6 பகுதி. ஐந்தாவது, மூன்றாம் டிவிஷன்: 12 பகுதி. அதற்கும் கீழே மாவட்டச் சங்கங்கள் நடத்துபவை.

இந்த எண்ணாவது ஓரிடத்தில் நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை. 1986 வரை ‘இரண்டாம் டிவிஷன்’ பெயருக்கேற்ப நாட்டின் இரண்டாவது லீக். 1987-இல் அதற்கு மேலே புதிதாக ஒரு ‘முதல் டிவிஷன்’ வைத்தார்கள், இது மூன்றாவதாகிவிட்டது. 2000-இல் சூப்பரெத்தான் வந்தபோது அந்த முதல் டிவிஷன் காணாமல் போனது. 2006-இல் அதே பெயர் திரும்பி வந்தது, ஆனால் மூன்றாவது லீக்காக. இரண்டாம் டிவிஷன் நான்காவதாக இறங்கியது. ஒரு சங்கத்தின் வரலாற்றில் ‘இரண்டாம் டிவிஷனில் ஆடியது’ என்று படித்தால், எந்த ஆண்டு என்று பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

அதனால் டிவிஷன் என்பதை லீக்கின் பெயராகவே விட்டுவிட்டு, உண்மையான உயரத்தைச் சொல்லப் ‘படி’ என்று வைக்கலாம். எத்தான் மூன்றாம் படி. மேலே போவது படியேற்றம், கீழே வருவது படியிறக்கம்.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது: க்வால். சூப்பரெத்தானில் முதல் இரண்டு அணிகள் நேராக மேலே போகும். மூன்றாவது அணி, ஆல்ஸ்வென்ஸ்கானில் 14-ஆம் இடத்தில் முடித்த அணியோடு இரண்டு ஆட்டம் ஆட வேண்டும், ஊருக்கு ஒன்றாக. கீழேயும் இதே கதைதான்: எத்தானின் இரு பகுதியிலும் முதலிடம் நேராக ஏறும், இரண்டாமிடங்கள் சூப்பரெத்தானின் 13, 14-ஆம் அணிகளோடு மோதும். இந்த ஆட்டங்களுக்குத்தான் க்வால் என்று பெயர். ‘தகுதிச் சுற்று’ என்று எழுதிவிடலாம் என்பீர்கள். ஆனால் 14-ஆம் அணி எதற்குத் தகுதி பெறுகிறது? அது ஏற்கெனவே உள்ளே இருக்கிற அணி. வெளியே தள்ளப்படாமல் இருக்க ஆடுகிறது.

‘படிப்போட்டி’ என்று ஒன்று தோன்றுகிறது. உங்கள் கருத்து?

———

தம்பிக்கு வணக்கம்.

படிப்போட்டி வேண்டாம். எங்கள் இலங்கையில் இதைக் கேட்டால் பரீட்சைக்குப் பிள்ளைகள் போட்டி போட்டுப் படிக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். ஏறுவது இறங்குவதற்கு ‘தரமுயர்வு, தரமிறக்கம்’ நல்ல சொற்கள்தானே, அவற்றை ஏன் விட்டீர்கள்? க்வாலுக்கு ‘இருபடி ஆட்டம்’ எப்படி? இரண்டு படிகளில் நிற்கும் அணிகள் மோதுவதால்.

இன்னொரு சந்தேகம். உதைபந்தாட்டப் பருவகாலத்தை 2024–25 என்று எழுதிப் பழகிவிட்டோம். உங்கள் கட்டுரை வரைவில் 2024 என்று மட்டும் இருக்கிறது. விடுபட்டதா?

———

இருபடி என்றதும் எழுந்து உட்கார்ந்தேன். முப்பது வருஷம் கரும்பலகையில் இருபடிச் சமன்பாடு எழுதிய கை இது. அந்தச் சொல்லைக் கணக்குக்கே விட்டுவையுங்கள், புண்ணியமாகப் போகும்.

ஏன் சுற்றி வளைக்க வேண்டும்? ‘ஏற்ற இறக்க ஆட்டம்’ என்றால் பாமரனுக்கும் புரியும். அதுவும் பிடிக்கவில்லை என்றால் ‘பிளேஆஃப்’ என்று எழுதிவிட்டுப் போங்கள். பத்திரிகைக்காரர்கள் கடைசியில் அதைத்தான் எழுதப்போகிறார்கள்.

———

அக்காவுக்கும் ஐயாவுக்கும் நன்றி.

முதலில் ஆண்டு. விடுபடவில்லை அக்கா. அங்கே பனி காரணமாக லீக் வசந்தத்தில் தொடங்கி நவம்பர் வாக்கில் முடிந்துவிடும், ஒரே ஆண்டுக்குள். ஆல்ஸ்வென்ஸ்கான் 1924-இல் தொடங்கியபோது மற்ற நாடுகளைப் போல இலையுதிர்காலத்தில் ஆரம்பித்து மறு ஆண்டு முடிந்தது. 1957–58 பருவத்தை நீட்டி ஆடி முடித்துவிட்டு, 1959-இலிருந்து ஓராண்டுக் கணக்குக்கு மாறினார்கள். ஆகவே ‘2024 பருவம்’ சரி.

தரமுயர்வு, தரமிறக்கம் இலங்கையில் இயல்பாக ஒலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே ஐந்தாம் வகுப்பைத் ‘தரம் 5’ என்பீர்கள்; ஒரு தரத்திலிருந்து இன்னொரு தரத்துக்குப் போவது என்றால் சட்டென்று பிடிபடும். தமிழ்நாட்டில் தரம் என்றால் அரிசியின் தரம், சாலையின் தரம். ‘தரமிறங்கிய அணி’ என்று எழுதினால் திட்டுகிற மாதிரி ஆகிவிடும். எஸ்டர்சுண்ட் அணியைப் பாருங்கள். 2010-இல் நான்காம் படிக்கு விழுந்தது. கிரஹாம் பாட்டர் என்ற ஆங்கிலேயர் பயிற்சியாளராக வந்தார். 2011-இல் நான்காம் படியை வென்றார்கள், 2012-இல் மூன்றாம் படியை. 2016-இல் ஆல்ஸ்வென்ஸ்கானில் இருந்தார்கள். 2017-இல் ஸ்வீடன் கோப்பையை வென்று ஐரோப்பா லீக்குக்குள் போய், துருக்கியின் கலாட்டாசராயை வெளியேற்றினார்கள். 2018 பிப்ரவரியில் லண்டனிலேயே ஆர்சனலை 2–1 என்று வென்றார்கள். சொந்த ஊரில் 0–3 தோற்றிருந்ததால் மேலே போக முடியவில்லை, அது வேறு. இத்தனைக்குப் பிறகு 2021-இல் மறுபடி இறங்கினார்கள். எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதைச் சொல்லவே ஒரு சொல் கேட்கிறேன். ஆட்டம் நன்றாக இருந்ததா என்பதை எழுதுகிறவர் தனியாகச் சொல்லிக்கொள்ளட்டும்.

ஐயா, ‘ஏற்ற இறக்கம்’ பங்குச்சந்தைச் செய்தியில் போய் உட்கார்ந்துவிட்டது. ‘சூப்பரெத்தானில் ஏற்ற இறக்கம்’ என்று தலைப்பு வைத்தால் சென்செக்ஸ் எவ்வளவு என்று தேடுவார்கள். பிளேஆஃப் இன்னும் மோசம். ஐ.பி.எல். புண்ணியத்தில் அது கோப்பைக்காக முதல் நான்கு அணிகள் ஆடுவது என்று நம் ஊரில் பதிந்துவிட்டது. க்வாலில் கோப்பையே கிடையாது.

ஸ்வீடன்காரர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்தபோது ஒரு வழி கிடைத்தது. புள்ளிப் பட்டியலில் இடங்களுக்கு நடுவே கிடைக்கோடு போட்டிருப்பார்கள். சூப்பரெத்தான் பட்டியல் என்றால் இரண்டாம் இடத்துக்குக் கீழே ஒன்று, மூன்றுக்குக் கீழே ஒன்று, 12-க்குக் கீழே ஒன்று, 14-க்குக் கீழே ஒன்று. செப்டம்பர் வந்துவிட்டால் பேச்சு முழுக்க இந்தக் கோடுகள்தான். ஆபத்தில் இருக்கும் அணியைக் ‘கோட்டுக்குக் கீழே இருக்கிறது’ என்பார்கள். நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

எனவே: நேராக மேலே போகும் இடங்களைப் பிரிப்பது ஏறுகோடு. நேராகக் கீழே தள்ளுவது இறங்குகோடு. பொதுவாகப் படிக்கோடு. அந்தக் கோட்டை ஒட்டி நிற்கும் மேல்படி அணியும் கீழ்ப்படி அணியும் மோதுவது ‘படிக்கோட்டு ஆட்டம்’. யார் ஏறுவார், யார் இறங்குவார் என்று இந்தச் சொல் முன்கூட்டியே சொல்லிவிடுவதில்லை. மேல்படி அணியே வென்று இருந்த இடத்திலேயே இருந்தாலும் பொருந்தும். இரண்டு ஆட்டம் என்ற கணக்கையும் சொல்லுக்குள் நுழைக்கவில்லை. 1991-லும் 1992-லும் க்வால்ஸ்வென்ஸ்கான் என்று இலையுதிர்காலத்தில் தனி லீக்காகவே இதை நடத்தியிருக்கிறார்கள். அதைப் ‘படிக்கோட்டு லீக்’ என்று எழுதிக்கொள்ளலாம்.

———

தம்பி, கோடு எனக்குச் சம்மதம். உடனே ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: ‘மியெல்பி அணி 2018-இல் எத்தான் தெற்கில் முதலிடம் பெற்று ஏறுகோட்டுக்கு மேலே முடித்தது, 2019-இல் சூப்பரெத்தானையும் வென்று, படிக்கோட்டு ஆட்டத்துக்கே போகாமல் ஆல்ஸ்வென்ஸ்கானுக்குள் நுழைந்தது, 2025-இல் நாட்டின் சாம்பியன் ஆனது.’ தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ஹெல்லெவிக் என்ற மீனவக் கிராமத்து அணி என்பதையும் கட்டுரையில் சேருங்கள். கடலோர ஊர்க்காரர்கள் விரும்பிப் படிப்பார்கள். தரமிறக்கத்தை இலங்கை வழக்கு என்று அடைப்புக்குறியில் போட்டுவிடுங்கள், அதற்கு மேல் வாதாட மாட்டேன்.

———

எனக்குப் படிக்கோடு சரி, ‘படிக்கோட்டு ஆட்டம்’ கொஞ்சம் நீளம். தலைப்பில் ‘படிக்கோடு: யாருக்கு வாழ்வு?’ என்று சுருக்கிக்கொள்வார்கள், பரவாயில்லை.

அப்புறம் அந்த எத்தான். ஸ்வீடன் மொழியில் ‘ஒன்று’ என்று பொருள் என்கிறீர்கள். அவசரத்தில் யாராவது நெடிலைக் குறிலாக்கி ‘எத்தன்’ என்று அடித்தால் லீக் முழுக்க ஏமாற்றுக்காரர்கள் என்று ஆகிவிடும். ‘எட்டான்’ என்று வைக்கலாமா என்று யோசித்தேன். ஒன்று என்று பொருள்படும் பெயரில் எட்டு வந்து உட்காருகிறது, கணக்கு வாத்தியாருக்கு அது இன்னும் ஆகாது. நெடிலோடு ‘எத்தான்’ என்றே இருக்கட்டும். ஆனால் முதல் முறை வரும் இடத்தில் ‘எத்தான், அதாவது மூன்றாம் படி’ என்று சேர்த்தே எழுதுங்கள். பட்டியலில் நாளைக்கே ஏற்றிவிடலாம். கடைசி இடத்து அணியை அங்கே ‘ஜம்போ’ என்கிறார்களாமே, அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். நான் ‘கடைக்குட்டி’ பக்கம்.