அக்கா மவன் கேட்ட சைபர்பங்க்

பாளையங்கோட்டையிலிருந்து:
அக்கா மவன் எட்டாப்பு படிக்கான். முழுப்பரீட்ச லீவுக்கு நம்ம வீட்டுக்கு வந்தவன், "மாமா, சைபர்பங்க் 2077-ங்குத வீடியோ கேம் வாங்கித் தாங்க, சும்மா ரோபோவும் துப்பாக்கியுந்தான்"னு நாலு நாளா பின்னாலயே சுத்துனான். எந்த ஆட்டம் எந்த வயசுக்குன்னு சொல்லுத அமைப்பு ஐரோப்பாவுல பெகி, அமெரிக்காவுல ஈஎஸ்ஆர்பி. இந்த ஆட்டத்துக்குப் பெகி 18 வயசுக்கு மேலங்குது, ஈஎஸ்ஆர்பி 17-க்கு மேலங்குது. காட்டுனா, "அந்த நம்பரை எவன் பாக்கான்"ங்கான். சரி, நம்ம ஆடிப் பாத்துட்டுச் சொல்லுவோம்னு வாங்கி, அவன் தூங்குன பொறவு உக்காந்தேன்.

ரத்தம் எதிர்பார்த்ததுதான். மனசு நின்னது வேற எடத்துல. தொடக்கத்துலயே, ஆளைக் கடத்தி உறுப்பைத் திருடுத கும்பல்ட்டருந்து ஒரு பொண்ணக் காப்பாத்தணும். ஐஸ் தொட்டிக்குள்ள துணியில்லாம, நெனவில்லாம கெடக்கா. ஆட்டம் நம்ம கண்ணு வழியா ஓடுததால, நம்மளே தூக்குத மாதிரி இருக்கு. ஆசையைக் கெளப்புத காட்சி இல்ல அது, பதறிப் போச்சு.

செட்டிங்ஸ்ல நிர்வாணத்தை மறைக்க ஒரு வசதி உண்டு. அதைப் போட்டாலும் கெட்ட வார்த்தை போவாது, கதை போவாது. பின்னால எவ்லின்னு ஒருத்தி வாரா. அவளுக்கு நடந்த கொடுமை தாங்காம உயிரை மாச்சிக்கிடுதா. அந்தக் கட்டம் முடிஞ்சதும் கண்ட்ரோலரை வச்சுட்டு வாசப்படியில போயி உக்காந்துட்டேன். எனக்கு வயசு 41.

காலையில அவன்ட்ட ஒளிக்காம சொன்னேன்: "ஏல, கெட்ட ஆட்டம்னு சொல்லல. அருமையான கதை. அதுல ஒரு பொண்ணு படுத பாட்டை எனக்கே தாங்க முடியல. ஒனக்கு 18 ஆவட்டும், ரெண்டு பேரும் சேந்து ஆடுவோம்." மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு ரெண்டு நாள் பேசல.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
அண்ணாச்சி, நீங்க ஆடிப் பாத்தது ரொம்பச் சரி. நான் அட்டையில போட்ட வயசை மட்டும் நம்புனேன். ஹேலோன்னு ஒரு துப்பாக்கி ஆட்டம், வருசையா பல பாகம் வந்திருக்கு. அதுல 2001-ல வந்த முதல் ஆட்டம் 17 வயசுக்கு மேல. 2015-ல வந்த அஞ்சாவது 13-க்கு மேல. மூத்தவனுக்கு 13 ஆனதும் அஞ்சாவதை வாங்கிக் குடுத்தேன். ஆட்டத்துல ஒரு கொறையும் இல்ல. வெனை, ஆன்லைன்ல கூட ஆடுதவங்ககிட்ட பேசுத ஹெட்செட்டுல வந்துச்சு. யாரோ வளந்த ஆளு, தோத்த கோவத்துல எம்புள்ளைய அம்மாவ இழுத்துத் திட்டிருக்கான். மறுநாள் தம்பிகூட சண்டை போடும்போது அதே வார்த்தை, ஆச்சி முன்னால. ஆச்சிக்கு அர்த்தம் புரியல, எனக்குப் புரிஞ்சுது.

பொறவுதான் பாத்தேன். ஆட்டத்துக்குள்ள கம்பெனி வச்சதுக்குத்தான் ரேட்டிங். ஆன்லைன்ல ஆளுக்காளு பேசுததுக்கு ரேட்டிங் கிடையாதுன்னு ஈஎஸ்ஆர்பியே சொல்லுது. இப்ப ஹெட்செட் என் பீரோவுல இருக்கு.

பாளையங்கோட்டையிலிருந்து:
நல்ல வேளை சொன்னிய தங்கச்சி. பய கோவம் தணிஞ்சு இன்னிக்கு ஹேலோ கேக்கான். கதைப் பகுதியத் தனியா, நெட் இல்லாம ஆடவிடலாம்னு இருக்கேன். மொத மூணு நாளு நானும் பக்கத்துல இருப்பேன்.