டெர்பில ஆபீசுக்கும் வீக்கெண்டுக்கும் ஒரே சைக்கிள்: மவுண்டனா ஹைப்ரிடா, எந்த பிராண்டு எடுக்கலாம்?

பெடல்பாண்டி:
எல்லாருக்கும் வணக்கம். சென்னைல இருந்து இங்கிலாந்துல டெர்பிக்கு வந்து செட்டில் ஆயாச்சு, கார் இப்போதைக்கு வேணாம்னு இருக்கேன். ஆபீஸ் 5 மைல், அதுல பாதி பழைய கேனால் ஓரமா போற சைக்கிள் பாதை (நேஷனல் சைக்கிள் நெட்வொர்க் 6ஆம் நம்பர்), மீதி ரோடு, ரோடுன்னா குண்டும் குழியும்தான். வீக்கெண்டு பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப் பக்கம் போகணும்னு ஆசை. பட்ஜெட் 600 பவுண்டு, ஆபீஸ்ல சைக்கிள் டு ஒர்க் ஸ்கீம் (டாக்ஸ் பிடிக்குறதுக்கு முன்னாடியே சம்பளத்துல கழிச்சு சைக்கிள் எடுக்குறது) இருக்கு. ட்ரெக் மார்லின், ஜயண்ட் டேலன், கரேரா வெஞ்சன்ஸ் இது மூணும் மவுண்டன் லிஸ்ட்ல இருக்கு, ட்ரெக் எஃப்எக்ஸ், ஸ்பெஷலைஸ்டு சைரஸ், போர்ட்மேன் இதெல்லாம் ஹைப்ரிட் (ரோட்டுக்கும் லேசான மண் பாதைக்கும் பொதுவான சைக்கிள்) லிஸ்ட்ல. கூட வேலை பாக்குறவன் "மழை, சேறு, பாட்ஹோல், இந்த ஊருக்கு மவுண்டன்தான்"னு அடிச்சு சொல்றான், யூட்யூப் பாத்தா ஹைப்ரிட் போதும்ங்குறாங்க. மண்டை காயுது. ஹைட் 5 அடி 6, வெயிட் 78 கிலோ. யாராவது இங்க ஓட்டி பழகுனவங்க சொல்லுங்க.

நனைஞ்சசாக்ஸ்:
ப்ரோ, பிராண்டை கொஞ்ச நேரம் ஓரமா வைங்க. இந்த விலையில நீங்க சொன்ன எதை எடுத்தாலும் அலுமினிய ஃப்ரேம், பெரும்பாலும் ஷிமானோ கியர், தைவான் சீனா கம்போடியான்னு ஏதோ ஒரு ஆசிய ஃபேக்டரில செஞ்சது, பெரிய வித்தியாசம் ஒண்ணும் இருக்காது. வித்தியாசம் முன்சக்கரத்தை பிடிச்சிருக்குற ஃபோர்க்குல இருக்கு. 600 பவுண்டுக்குள்ள புது மவுண்டன் சைக்கிள்னா பெரும்பாலும் ஸ்பிரிங் வச்ச சஸ்பென்ஷன் ஃபோர்க்தான் வரும், அது சாதா ஃபோர்க்கை விட ஒரு கிலோவுக்கு மேல வெயிட், நிஜமான பாறை மேல ஓட்டுனா துள்ளும், ரோட்ல மேடு ஏறும்போது உங்க காலோட பலத்துல கொஞ்சத்தை அதுவே தின்னுடும், இது போதாதுன்னு இந்த ஊரு ஈரமும் குளிர்காலத்துல ரோட்ல கொட்டுற உப்பும் சேந்து ரெண்டு மூணு விண்டர்ல அதை இறுக வச்சிடும், சர்வீஸ் பண்ற காசுக்கு புது ஃபோர்க்கே வாங்கலாம்.

பாட்ஹோலுக்கு வேண்டியது ஸ்பிரிங் இல்ல, தடிச்ச டயரு. 40 மில்லிமீட்டர், முடிஞ்சா 45 மில்லிமீட்டர் அகல டயர் போட இடம் இருக்குற, முன்னாடி சஸ்பென்ஷன் இல்லாத ஹைப்ரிட் பாருங்க. போர்ட்மேன்லயே எச்ஒய்பி சீரீஸ் ரோட்டுக்கு, எம்டிஎக்ஸ் சீரீஸ் கொஞ்சம் கரடுமுரடுக்கு, உங்களுக்கு ரெண்டாவது, அதுல சஸ்பென்ஷன் இல்லாத மாடல் இருந்தா. மரீன் மியூர்வுட்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஸ்டீல் ஃப்ரேம், சாதா ஃபோர்க்கு, மவுண்டன் சைக்கிள் மாதிரி தடி டயரு, வெயிட்டு கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா அடிச்சாலும் உடையாது. ஆஃபர்ல கிடைச்சா யோசிக்காம எடுங்க.

இன்னொண்ணு, முழு மட்கார்ட் மாட்ட ஓட்டை இருக்கான்னு பாக்காம எதையும் வாங்காதீங்க. மேல இருந்து வர்ற மழையை விட ரோட்ல கிடக்குற தண்ணி டயர்ல ஏறி முதுகுல அடிக்குறதுதான் இங்க பிரச்சனை. நிறைய மவுண்டன் சைக்கிள்ல சஸ்பென்ஷன் ஃபோர்க்குல முழு மட்கார்ட் நிக்காது, பிளாஸ்டிக் துண்டு ஒண்ணு கிளிப் பண்ணிக்கிட்டு ஆபீசுக்கு சேறு அப்புன பேண்ட்டோட போகணும்.

ஷெஃபீல்டுசிங்கம்:
மேல சொன்னவரு டயர் பத்தி சொன்னது சரி, ஆனா பீக் டிஸ்ட்ரிக்ட்னு ஒரு வார்த்தை இருக்கே, அதை கண்டுக்கவே இல்லையே. இங்கிலாந்துல சைக்கிள் எல்லா பாதையிலயும் போக முடியாது தல, ஃபுட்பாத்னு மேப்ல போட்டிருந்தா நடக்குறவங்களுக்கு மட்டும்தான், பிரைடில்வேன்னு போட்டிருந்தா குதிரை போகலாம், 1968 சட்டத்துக்கு அப்புறம் சைக்கிளும் போகலாம். (ஸ்காட்லாந்துல கதையே வேற, அங்க 2003 சட்டப்படி பொறுப்பா ஓட்டுனா பெரும்பாலும் எங்கயும் போகலாம்.) பீக்ல இருக்குற பிரைடில்வே பல இடத்துல பாறைப் படிக்கட்டு மாதிரி இருக்கும், ஈடேல் பக்கம் ஜேக்கப்ஸ் லேடர்னு ஒண்ணு, பேரே ஏணி, அதுல ஹைப்ரிட்ல இறங்குனா பல்லு ஆடிடும். அப்படி ஓட்டணும்னா ஹார்ட்டெயில் (முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் சைக்கிள்), ஸ்பிரிங்குக்கு பதிலா காத்து அடைச்ச ஏர் ஃபோர்க்கு, ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், இது மூணுல எதுவும் குறையக்கூடாது. 600ல புதுசா அது கஷ்டம், ஹால்ஃபோர்ட்ஸ் கடையில வூடூ பிசாங்கோங்குற மாடல் கொஞ்சம் மேல போனா கிடைக்கும், இல்லனா செகண்ட் ஹாண்ட். ஒய்ட், காட்டிக், ஆரஞ்ச் இதெல்லாம் இந்த ஊரு சேத்துக்குன்னே யோசிச்சு டிசைன் பண்ணதுங்க, பழசா இருந்தாலும் நல்லா இருக்கும். ஹைப்ரிட் எல்லாம் பார்க்குல குழந்தையை கூட்டிட்டு போறதுக்கு, அவ்ளோதான் சொல்லுவேன்.

நனைஞ்சசாக்ஸ்:
அவரு ஆபீஸ் போறது வாரம் முழுக்க, ஜேக்கப்ஸ் லேடர் போறது எப்பவாவது, அதுவும் போனாத்தான். பீக்னா பாறை மட்டுமா? மான்சல் ட்ரெயில், டிசிங்டன் ட்ரெயில், ஹை பீக் ட்ரெயில் எல்லாம் பழைய ரயில் பாதை சார், தண்டவாளத்தை எடுத்துட்டு ஜல்லிப்பொடி போட்டு சமம் பண்ணது. மான்சல் 8.5 மைல், 2011ல சுரங்கத்தை எல்லாம் திறந்து விட்டாங்க, உள்ள லைட் வேற இருக்கு. டிசிங்டன் ஆஷ்போர்ன்ல ஆரம்பிச்சு 13 மைல். இதுக்கெல்லாம் ஹைப்ரிட் தாராளம். ஹை பீக்ல மட்டும் கிராம்ஃபோர்டு பக்கத்துல ஏத்தம் செமயா இருக்கும், அந்த காலத்துல வண்டியை கயிறு கட்டி இழுத்த இடம், இறங்கி தள்ளுனா யாரும் சிரிக்க மாட்டாங்க.

லெஸ்டர்அண்ணை:
தம்பி பாண்டி, நான் சொல்லுறதையும் ஒருக்கா கேளுங்கோ. பிராண்டு பிராண்டு எண்டு கனக்க யோசிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில எங்கட அப்பா ஆக்களுக்கு ராலி சைக்கிள் எண்டால் ஒரு தனி மரியாதை, நான் இஞ்ச வந்து நாட்டிங்ஹாம் எண்ட பேரைக் கேட்டவுடனேயே ராலிதான் ஞாபகம் வந்தது. ஆனா 2002ஓட நாட்டிங்ஹாமில சைக்கிள் செய்யிறதை நிப்பாட்டிப் போட்டாங்கள், இப்ப அது ஒரு பேர், அவ்வளவுதான். போர்ட்மேனும் அப்பிடித்தான், கிறிஸ் போர்ட்மேன் எண்ட மனுசன் 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில சைக்கிளோட்டத்தில தங்கம் எடுத்தவர், ஆனா கம்பனியை 2014ல ஹால்ஃபோர்ட்ஸ் வாங்கிப்போட்டுது. அதுக்காக கூடாத சைக்கிள் எண்டு சொல்ல வரேல்ல, காசுக்கு நல்ல சாமான்தான் போட்டுத் தருவாங்கள், என்ர மகன்ர சைக்கிளும் அதுதான். நான் சொல்லுறது என்னெண்டால், உங்கட வீட்டுக்குக் கிட்ட எந்தக் கடையில ஒழுங்கா வேலை தெரிஞ்ச பெடியன் இருக்கிறானோ அந்தக் கடையில இருக்கிற பிராண்டை வாங்குங்கோ. புது சைக்கிள் ஒண்டிரண்டு மாசத்தில கேபிள் இழுபடும், கியர் சரியா விழாது, அப்ப கொண்டுபோய்க் குடுக்க ஒரு இடம் வேணும். நான் ஒருக்கா ஆன்லைனில பெட்டியில எடுத்து, வந்த சில்லு நேராயே இல்லை, அவங்களுக்கு ஈமெயில் போட்டு போட்டுக் களைச்சுப் போனன். பேர் சொல்ல விரும்பேல்ல.

செப்டம்பருக்குப் பிறகு கவனம். மார்ச்சில இருந்து ஆகஸ்ட் முடியும் வரைக்கும் வயல் ஓர வேலிச் செடியளை வெட்டக்கூடாது எண்டு சட்டம், குருவி கூடு கட்டுற காலம். அது முடிஞ்ச கையோட டிராக்டரில வந்து வெட்டுவாங்கள், ஹாதார்ன் முள்ளு முழுக்க சின்ன ரோட்டில கிடக்கும், பஞ்சரோ பஞ்சர். ஷுவால்பே மாரத்தான் டயர் போடுங்கோ, பாரம்தான், ஆனா மழைக்கை நிண்டு ட்யூப் மாத்திற சீவியம் வேண்டாம்.

மதுரைக்காரிமில்டன்கீன்ஸ்:
இவ்ளோ பேசியும் யாரும் ஹாண்டில்பார் பத்தி சொல்லலையே? கேனால் பாதையில, பழைய ரயில் பாதையில எல்லாம் மோட்டார் பைக் வராம இருக்க இரும்பு தடுப்பு வச்சிருப்பாங்க, இப்ப வர்ற மவுண்டன் சைக்கிள் ஹாண்டில்பார் 740, 780 மில்லினு அகலமா இருக்கும், சில தடுப்புல நுழையவே நுழையாது, முன்சக்கரத்தை தூக்கி திருப்பி திருப்பி உள்ள விடணும், தினமும் காலைல ஆபீஸ் போற அவசரத்துல அதை பண்ணி பாருங்க தெரியும். பாண்டி தம்பி, வாங்குறதுக்கு முன்னாடி உன் பாதையில ஒரு தடவை நடந்து போய் எத்தனை தடுப்பு இருக்கு, எப்படி இருக்குனு பாத்துட்டு வா.

அப்புறம் ஸ்கீம் கணக்கு. பேசிக் ரேட் டாக்ஸ்னா 20 சதவீதம் டாக்ஸும் 8 சதவீதம் நேஷனல் இன்சூரன்ஸும் மிச்சம், 600க்கு 168 பவுண்டு. ஹெல்மெட், லைட், பூட்டு, மட்கார்டு எல்லாத்தையும் அதுலயே சேத்துக்கலாம், தனியா வாங்காத. கடைசில சைக்கிளை உன் பேருக்கு மாத்த சின்னதா ஒரு தொகை கேப்பாங்க, அதை முன்னாடியே கேட்டு வச்சுக்கோ. விசா சம்பள வரம்பை ஒட்டி உன் சம்பளம் இருந்தா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி எச்ஆர்கிட்ட ஒரு வார்த்தை கேளு, இந்த ஸ்கீம்ல பேப்பர்ல சம்பளம் குறைஞ்ச மாதிரி காட்டும். பூட்டுல கஞ்சத்தனம் வேணாம், சோல்டு செக்யூர் கோல்டு (பூட்டோட பலத்தை சோதிச்சு குடுக்குற சான்று) போட்ட டி-லாக் எடு.

சைஸ் கடையில ஏறி உக்காந்து பாரு, 5 அடி 6க்கு ஒரு பிராண்டுல ஸ்மாலும் இன்னொரு பிராண்டுல மீடியமும் வரும். வெப்சைட் சார்ட்டை மட்டும் நம்பி எடுக்காத.

பெடல்பாண்டி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ எதிர்பாக்கல. அக்கா சொன்ன மாதிரி பாதையில நடந்து பாத்துட்டேன், ரெண்டு இடத்துல தடுப்பு இருக்கு, அதுல ஒண்ணு நானே பக்கவாட்டுல திரும்பித்தான் போனேன். அதனால மவுண்டன் லிஸ்டை அழிச்சிட்டேன். சிங்கம் அண்ணா கோச்சுக்காதீங்க. இப்போ போர்ட்மேன் எம்டிஎக்ஸ், மரீன் மியூர்வுட்ஸ், ட்ரெக் எஃப்எக்ஸ் மூணுதான். எஃப்எக்ஸ் விக்கிற கடை வீட்டுல இருந்து நடக்குற தூரம், அந்த மெக்கானிக் ரொம்ப பொறுமையா பதில் சொன்னாரு. ஆனா அதோட டயர் கொஞ்சம் மெல்லிசா தெரியுது, மாத்திக்கலாமா?

ஷெஃபீல்டுசிங்கம்:
கோவம் எல்லாம் இல்ல தல. பாறை ஆசை வந்தா கேனக் சேஸ் போங்க, உங்களுக்கு ஒண்ணும் ரொம்ப தூரம் இல்ல, 2022 காமன்வெல்த் மவுண்டன் பைக் ரேஸ் நடந்த காடு, அங்கயே நல்ல ஹார்ட்டெயில் வாடகைக்கு கிடைக்குதான்னு கேட்டுப் பாருங்க. பாதை எவ்ளோ கஷ்டம்னு கலர்ல போட்டிருப்பாங்க, முதல்ல நீலக் கலர் பாதை, அப்புறம் சிவப்பு. கறுப்பு போட்ட பாதை எந்த ஊர்ல பாத்தாலும் அந்தப் பக்கம் திரும்பவே திரும்பாதீங்க. ஒரு நாள் ஓட்டிட்டு வந்து அப்புறம் என்கிட்ட பேசுங்க, செகண்ட் ஹாண்ட் ஒண்ணு நானே தேடித் தர்றேன்.

நனைஞ்சசாக்ஸ்:
மாத்தலாம் ப்ரோ, ஆனா மட்கார்டோட சேத்து எவ்ளோ தடிமன் வரைக்கும் போகும்னு அந்த மெக்கானிக்கையே கேளுங்க, மட்கார்டு இல்லாம ஒரு அளவு, மாட்டுனா அதை விட கம்மி, சிலர் முதல் அளவை மட்டும் சொல்லிடுவாங்க. 40 மில்லி மாரத்தானும் மட்கார்டும் சேந்து நுழையும்னு அவரு சொன்னா கண்ணை மூடிட்டு அதையே எடுங்க, நடக்குற தூரத்துல நல்ல மெக்கானிக் கிடைக்குறது இங்க லேசு இல்ல. நுழையாதுன்னா மியூர்வுட்ஸ். புது டயர் காசையும் மட்கார்டையும் ஸ்கீம் பில்லுலயே போட முடியுமான்னு கேட்டுப் பாருங்க. டிசம்பர்ல 4 மணிக்கெல்லாம் சூரியன் மறைஞ்சிடும், லைட்டை மறந்துடாதீங்க, முன்னாடி வெள்ளை பின்னாடி சிவப்பு ரெண்டும் சட்டப்படி வேணும். கேனால் ஓரம் தெருவிளக்கு இருக்காது, அதனால முன் லைட் பாதை தெரியுற அளவுக்கு வெளிச்சமா இருக்கணும், சும்மா மினுக்குற லைட் வாங்காதீங்க.