31 வருஷம் பெயரில்லாமல் கிடந்த பெண்ணை கையில் குத்திய பச்சை அடையாளம் காட்டியது, இங்கே இலங்கையில் அப்படி நடக்குமா?

உப்புவெளியான்:
1992 ஜூனில் பெல்ஜியத்தின் அன்ட்வெர்ப் நகரில் ஓர் ஆற்றில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. கொலை. யாரென்று யாருக்கும் தெரியவில்லை. கையில் கறுப்புப் பூவும் பச்சை இலையுமாகப் பச்சை குத்தியிருந்தது. 2023 மே மாதம் இன்டர்போலும் மூன்று நாட்டுப் பொலிசும் இப்படிப் பெயர் தெரியாமல் போன 22 பெண்களின் விவரங்களை வெளியிட்டபோது, பிரிட்டனில் ஒரு உறவினர் செய்தியில் அந்தப் பச்சையைப் பார்த்து அடையாளம் சொன்னார். கார்டிஃபைச் சேர்ந்த ரீட்டா ராபர்ட்ஸ், சாகும்போது வயது 31. அதற்கு முந்தின மாதம்தான் வீட்டுக்கு ஒரு போஸ்ட்கார்ட் போட்டிருந்தாராம்.

எல்லாவற்றுக்கும் டிஎன்ஏ என்கிறார்களே, இவ்வளவு காலம் அது ஏன் உதவவில்லை? அடையாளம் தெரியாத உடல் பற்றி நம்ம பேப்பரில் வரும் அறிவித்தலில் உயரம், வயது, சாரத்தின் நிறம், அவ்வளவுதான் இருக்கும். அதை வைத்து திருகோணமலையில் ஒரு குடும்பம் எப்படித் தன் ஆளைக் கண்டுபிடிக்கும்?

ஆய்வுகூடத்தில் வேலை:
தம்பி, டிஎன்ஏ தனியாக ஒன்றும் சொல்லாது, ஒப்பிட இன்னொரு ஆள் வேண்டும். பொலிஸ் வழக்கமாக டிஎன்ஏயில் பார்ப்பது இருபது சொச்சம் இடங்கள்தான், அதில் தாய், தகப்பன், பிள்ளை என்றால் பிடிபடும், தூரத்துச் சொந்தம் பிடிபடாது. அமெரிக்காவில் இப்போது லட்சக்கணக்கான இடங்களைப் பார்த்து, மச்சான் முறை, ஒன்றுவிட்ட முறை என்று சொந்தம் தேடி வம்ச மரம் கட்டுகிறார்கள். 1981இல் ஒஹாயோவில் கொலையான மார்சியா கிங்குக்கு 2018இல் பெயர் கிடைத்தது அப்படித்தான். ஆனால் அங்கே சனம் தாங்களாகவே தங்கள் டிஎன்ஏயைக் கொடுத்து வைத்திருக்கிறது, நம்மில் எத்தனை பேர் கொடுத்திருக்கிறோம்?

பழைய எலும்பில் பெரும்பாலும் மிஞ்சுவது தாய்வழி மரபணு. அதற்கு அம்மா, கூடப் பிறந்தவர்கள், அம்மாவின் அக்கா தங்கை, யாராவது ஒருவருடைய மாதிரி போதும். பிள்ளையைத் தேடுகிற அம்மாமார் வயதாகிப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் இருக்கும்போதே மாதிரி எடுத்து வைக்காமல் என்னத்துக்கு இத்தனை அலுவலகம் என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

தையல்கடை அக்கா:
உடுப்பை லேசாக நினைக்காதீர்கள். நான் தைத்த சட்டையை எந்தக் குவியலில் போட்டாலும் எடுத்துத் தருவேன். காஜா எடுக்கிற கை ஆளுக்கு ஆள் வேறு, நூல் முடிந்த இடத்தில் வேறு நிற நூல் மாற்றியிருந்தால் அதுவே போதும். பாவாடை இறக்கத்தைப் பிரித்து விட்ட பழைய மடிப்பின் கோடு எத்தனை முறை துவைத்தாலும் தெரியும், அதைப் பிரித்தது தாய்தானே? 2025 ஆகஸ்டில் யாழ்ப்பாணம் செம்மணி மனிதப் புதைகுழியில் தோண்டி எடுத்த உடுப்பு, செருப்பு, வளையல் எல்லாம் சனத்துக்குக் காட்டினார்கள், அப்போதும் எனக்கு இதே நினைவுதான். “நீலச் சட்டை” என்று எழுதி யாருக்கு என்ன பிரயோசனம்? உள்பக்கத் தையலையும் பொத்தானையும் கிட்ட வைத்துப் படம் எடுத்துப் போடட்டும்.

கிண்ணியா வாப்பா:
தங்கச்சி சொல்வது சரி, ஆனால் ஒரே மாதிரி உடுப்பு நூறு பேரிடம் இருக்கும். முகத்தைக் காட்டிக் கேட்பது அதைவிட மோசம், தண்ணீரில் கிடந்த முகம் மாறிப் போயிருக்கும், அந்த அதிர்ச்சியில் வீட்டுக்காரர் ஆம் என்றும் சொல்வார்கள், இல்லை என்றும் சொல்வார்கள். உடுப்பு வழி காட்டட்டும், முடிவை டிஎன்ஏயோ பல்லோ சொல்லட்டும். தயவு செய்து உடலின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

உப்புவெளியான்:
பல் என்றால் எங்கள் ஊரில் யாரிடம் பதிவு இருக்கிறது?

ஆய்வுகூடத்தில் வேலை:
பல் எடுத்த இடத்தில் எக்ஸ்ரே இருந்தால் இப்போதே கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் வாயைத் திறந்து சிரிக்கிற போட்டோ தேடுங்கள், முன்பல் இடைவெளி, உடைந்த பல், தூக்கின பல் எல்லாம் அதில் தெரியும். சட்ட வைத்திய அதிகாரியிடம் கொடுக்கும்போது ஒரிஜினலைக் கொடுத்துவிடாமல் பிரதியைக் கொடுங்கள்.