வேரில்லாத கொடிக்கு எதற்கு தண்ணீர்?

கொடிப்பித்தன்:
நேற்று இங்கே ஓர் அம்மணி, வேறு செடிமேல் படர்ந்து அதன் சாற்றைக் குடித்து வாழும் அம்மையார் கூந்தல் கொடியை விதை போட்டுத் தொட்டியில் வளர்ப்பதாகவும் தினமும் தண்ணீர் ஊற்றுவதாகவும் எழுதியிருந்தார். கீழே வரிசையாக 'அருமை சகோதரி'. வேரே இல்லாத கொடி ஐயா அது! தண்ணீரை எது குடிக்கும்? ஒரு முழம் அறுத்து ஆடாதோடை மேல் வீசினால் தானே பிடித்துக்கொள்ளும்.

மாடித்தோட்டம் மீனா:
அந்த அம்மணி நான்தான். தண்ணீர் கொடிக்கு இல்லை, அது ஏறியிருக்கிற ஆடாதோடைக்கு. அப்புறம், வேர் இருந்தது. விதைத்தோல் கல் மாதிரி. சும்மா போட்டால் வருஷக்கணக்கில் மண்ணில் கிடக்கும். உப்புத்தாளில் தேய்த்து ஈரப்பஞ்சில் வைத்தேன். ஐந்தாம் நாள் மஞ்சள் நூல் ஒன்று எழுந்தது, அடியில் குண்டாக ஒரு முனை. தலையைச் சுழற்றிச் சுழற்றி எதையோ தேடியது. என் கண்ணால் பார்த்தேன்.

கொடிப்பித்தன்:
குண்டாக இருப்பதெல்லாம் வேரா? வேர்த்தூவி உண்டா? வேர்மூடி உண்டா? சில நாளில் வாடிப்போகிற வால் அது. வேர் இல்லை.

பழைய விவசாயி:
நான் வேதாரண்யம் பக்கம். எங்கள் மணல்மேட்டில் கொத்தான் முளைத்து, மண்ணில் வேர் விட்டு வாரக்கணக்கில் நிற்கும். நான் பிடுங்கியே பார்த்திருக்கிறேன். தம்பி புத்தகத்தை மூடிவிட்டு ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

ஓரமாய் ஒருவன்:
பெரியவரே, கொத்தான் வேறு செடி. அது இலவங்கப்பட்டை குடும்பம், உடம்பில் பச்சை ஓடும், பட்டாணி அளவில் சதைப்பழம் வைக்கும். அம்மையார் கூந்தல் சர்க்கரைவள்ளிக்குச் சொந்தம். இருவரும் வேறு வேறு கொடியை வைத்துச் சண்டை போடுகிறீர்கள்.

கொடிப்பித்தன்:
குலம் கோத்திரம் யார் கேட்டது? வேர் உண்டா, இல்லையா?

மாடித்தோட்டம் மீனா:
செடியின் தண்டுக்குள் இறங்கிச் சாற்றைக் குடிக்கிறதே, அதற்குப் பெயரே உறிஞ்சு வேர். வேர் என்று பெயரிலேயே இருக்கிறது.

கொடிப்பித்தன்:
பெயரில் கூந்தலும்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை சீயக்காய் தேய்க்கிறீர்களா?

உளுந்துக்காரன்:
இதைப் போய் ஆசையாக வளர்க்கிறீர்களே! உளுந்தில் விழுந்தால் பூக்கும் முன்பே பயிரோடு பிடுங்கிக் கொளுத்துவோம். ஒரு துண்டு மிஞ்சினாலும் மறுபடி படரும். அறுத்து வீசச் சொல்கிறவர் எந்த ஊர்?

கொடிப்பித்தன்:
எந்த ஊராக இருந்தால் என்ன? துண்டு படர்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வேர் இல்லாமல்தானே படர்கிறது?

மாடித்தோட்டம் மீனா:
இந்தக் கொடி இனத்தில் ஒன்று தக்காளியின் வாசனையை வைத்தே அந்தப் பக்கம் சாய்கிறது என்று 2006இல் 'சயன்ஸ்' இதழில் ஆய்வே வந்தது. அது உங்களுக்குத் தெரியுமா?

கொடிப்பித்தன்:
வேர் போய் இப்போது மூக்கு வந்துவிட்டது. நாளைக்குக் கண்ணாடி மாட்டிவிடுங்கள்.

மாடித்தோட்டம் மீனா:
போன ஆடியில் நீங்கள் தபாலில் அனுப்பிய கொத்தவரை விதை முப்பதில் மூன்றுதான் முளைத்தது. அதற்கும் வேர் கிடையாதோ?

கொடிப்பித்தன்:
குடம் குடமாக ஊற்றினால் அழுகாமல் என்ன செய்யும்? தபால் செலவு இன்னும் வரவில்லை, அதையும் சொல்லுங்கள்.

பழைய விவசாயி:
தபால் செலவை அப்புறம் பேசுங்கள். கொத்தானுக்கு வேர் உண்டு.

ஓரமாய் ஒருவன்:
அது வேறு கொடி என்று மேலே...

கொடிப்பித்தன்:
நீங்கள் சும்மா இருங்கள். அம்மணி, அந்தக் குண்டு முனையைப் படம் பிடித்துப் போடுங்கள், பார்ப்போம்.

மாடித்தோட்டம் மீனா:
அது வாடிப்போய்ப் பத்து நாளாகிறது.

கொடிப்பித்தன்:
பார்த்தீர்களா! இல்லை.

மாடித்தோட்டம் மீனா:
இல்லாதது எப்படி ஐயா வாடும்?

பழைய விவசாயி:
நாளைக்குக் கொத்தானை வேரோடு பிடுங்கிப் படம் போடுகிறேன். பேரன் வரட்டும்.